வானம் காட்டும் வழி

வழி தெரியாமல் நிற்பவனுக்கு வழி சொல்லுதலைத் தமிழர் நல்லறமாகக் கொண்டிருந்தனர். 'ஆறு' என்னும் சொல்லுக்கு வழி என்பதும் ஒரு பொருள். பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வறுமையோடு எதிர்வரும் மற்றொரு கலைஞனைக் கண்டு, தான் சென்ற வள்ளலிடம் அவனும் செல்லுமாறு வழிப்படுத்துவதே ஆற்றுப்படை. பத்துப்பாட்டு என்னும் தொகை நூலில் உள்ள பத்துப் பாடல்களுள் ஐந்து ஆற்றுப்படைகளே ஆகும். அவற்றுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னன் என்னும் தலைவனைக் காணச் செல்லும் கூத்தருக்கு மலைவழியைக் கூறுகின்றது. வழி எது என்பதோடு அப்புலவர் நின்றுவிடவில்லை. அவ்வழியில் எங்கெங்கே இடர் உண்டு, எவ்வாறு காத்துச் செல்லவேண்டும் என்பவற்றையும் விரித்துரைக்கின்றார்.

இக்காலத்தில் அத்தொண்டின் பெரும்பகுதியைக் கைப்பேசி ஏற்றுக்கொண்டுள்ளது. செல்லவேண்டிய ஊரின் பெயரை எழுதினால் போதும், நிலப்படம் விரிகின்றது, நீலப் புள்ளியொன்று நாம் நிற்கும் இடத்தைக் காட்டுகின்றது, 'இங்கே வலப்புறம் திரும்புக' என்று குரலும் எழுகின்றது. ஆயினும் பொள்ளாச்சியிலிருந்து வால்பாறைக்குச் செல்லும் மலைப்பாதையிலோ, கொல்லிமலையின் கொண்டையூசி வளைவுகளிலோ சென்றவர்கள் ஒன்றை அறிவார்கள். மலை ஏற ஏறக் கைப்பேசிக் கோபுரத்தின் தொடர்பு சில இடங்களில் நலிகின்றது. சில இடங்களில் அற்றே போகின்றது. அப்பொழுது பலர், 'இணையம் இல்லை. இனி இக்கருவியால் பயனில்லை' என்று அதனைப் பைக்குள் இட்டுவிடுகின்றனர்.

அவர்கள் எண்ணுவது முழு உண்மையன்று. இணையம் இல்லாத இடத்திலும் கைப்பேசி வழிகாட்டும். அதற்கு நாம் முன்னரே செய்துகொள்ளவேண்டிய ஏற்பாடு சிறிது உண்டு. அவ்வேற்பாடு யாது, அது பயன் தருவது எங்ஙனம் என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

மூன்று வினாக்கள்

வழிச்செல்வோன் ஒருவனுக்கு மூன்று செய்திகள் தெரிதல் வேண்டும். நான் இப்பொழுது எங்கே நிற்கின்றேன் என்பது முதலாவது. என்னைச் சுற்றி எவ்வெவ் ஊர்களும் சாலைகளும் உள்ளன என்பது இரண்டாவது. இச்சாலைகளுள் எவற்றின் வழியாகச் சென்றால் விரைவில் சேரலாம் என்பது மூன்றாவது. முதல் வினாவுக்கு விடை வானத்திலிருந்து வருகின்றது. இரண்டாம் வினாவுக்கு விடை நிலப்படத்தில் உள்ளது. மூன்றாம் வினாவுக்குக் கணக்கிட்டு விடை காணவேண்டும். இம்மூன்றையும் கைப்பேசி ஒருங்கே செய்வதால், இவையெல்லாம் இணையத்தால் நிகழ்கின்றன என்று நாம் மயங்குகின்றோம். ஒவ்வொன்றையும் பிரித்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

இடம் அறியும் முறை

தொலைவுகளைக் கொண்டு இடத்தை அறியலாம். எடுத்துக்காட்டு ஒன்றைக் கொள்வோம். நண்பன் ஒருவன் தான் இருக்கும் ஊரின் பெயரைச் சொல்லாமல், 'நான் மதுரையிலிருந்து நேர்க்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கின்றேன்' என்று மட்டும் கூறுகின்றான். தமிழ்நாட்டு நிலப்படத்தை விரித்து, மதுரையை மையமாகக் கொண்டு, அத்தொலைவுக்கு ஒரு வட்டம் வரைவோம். அவன் அவ்வட்டத்தின் மேல் எங்கேனும் இருக்கலாம். 'திருச்சிராப்பள்ளியிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர்' என்று அவன் மேலும் கூறினால் இரண்டாவது வட்டம் வரையலாம். இரு வட்டங்களும் இரண்டே இடங்களில் வெட்டிக்கொள்ளும். ஒன்று திண்டுக்கல், மற்றொன்று மதுரைக்குக் கிழக்கே சிவகங்கைப் பக்கத்தில் ஓரிடம். 'கோயம்புத்தூரிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர்' என்னும் மூன்றாவது குறிப்பும் கிடைத்துவிட்டால் ஐயம் தீர்ந்துவிடும். நண்பன் இருப்பது திண்டுக்கல்லில்தான்.

கைப்பேசி செய்வதும் இதுவே. ஆனால் அது மதுரையையும் திருச்சியையும் கொண்டு அளப்பதில்லை; வானில் சுற்றும் செயற்கைக்கோள்களைக் கொண்டு அளக்கின்றது. ஜி.பி.எஸ். எனப்படும் அமைப்பைச் சேர்ந்த செயற்கைக்கோள்கள் நிலமட்டத்திலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில், நாள்தோறும் இருமுறை பூமியைச் சுற்றி வருகின்றன. உலகின் எந்த மூலையில் நின்றாலும் குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களேனும் தலைக்குமேல் தென்படவேண்டும் என்பதற்காக, 24க்குக் குறையாத செயற்கைக்கோள்கள் அமைக்கப்பட்டுள்ளன.

அவற்றுக்கும் நமக்கும் உள்ள தொலைவை அளப்பது எப்படி? மழைக்காலத்தில் மின்னலைக் கண்டபின் இடியோசை கேட்கும் வரை எண்ணிப் பார்த்திருப்பீர்கள். ஏறத்தாழ மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கிட்டால் மின்னல் எவ்வளவு தொலைவில் தோன்றியது என்று அறியலாம். ஓசை வந்து சேர எடுத்துக்கொண்ட காலத்தை நாம் தொலைவாக மாற்றுகின்றோம். செயற்கைக்கோளும் இவ்வாறே, 'நான் இன்ன இடத்தில் இருக்கின்றேன். இப்பொழுது மணி இன்னது' என்னும் செய்தியை வானொலி அலைகள் வாயிலாக இடைவிடாது அனுப்பிக்கொண்டே இருக்கின்றது. அவ்வலை ஒளியின் வேகத்தில், நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் விரைந்து, நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான காலத்தில் நம் கைப்பேசியை வந்தடைகின்றது. வந்து சேர்ந்த நேரத்தையும் புறப்பட்ட நேரத்தையும் ஒப்பிட்டுக் கைப்பேசி தொலைவைக் கணக்கிட்டுக்கொள்கின்றது.

இங்கே காலத்தை அளப்பதில் மிக்க நுட்பம் வேண்டும். நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை நேர்ந்துவிடும். ஆதலால் செயற்கைக்கோள்களில் அணுக்கடிகாரங்கள் பொருத்தப்பட்டுள்ளன. நம் கைப்பேசியில் உள்ள கடிகாரமோ அத்துணைத் துல்லியமானதன்று. அதனால் விளையும் பிழையை நீக்குவதற்கே நான்காவது செயற்கைக்கோள் ஒன்றும் வேண்டியிருக்கின்றது. இடத்தைக் காண மூன்று, கடிகாரத்தைத் திருத்த ஒன்று என நாம் இதனை நினைவில் வைத்துக்கொள்ளலாம். திறந்த வெளியில் நின்றால், கைப்பேசி இம்முறையில் நம் இடத்தை ஏறத்தாழ 5 மீட்டர் அளவுக்குத் துல்லியமாகக் காட்ட வல்லது.

இங்கு நாம் கருதவேண்டியது ஒன்றுண்டு. இவ்வளவு பணிகளிலும் கைப்பேசி எவருக்கும் எதனையும் அனுப்பவில்லை. வானத்திலிருந்து வரும் செய்தியைக் கேட்டுக்கொண்டு மட்டுமே இருந்தது. வானொலி நிலையம் ஒன்று பாடுகின்றது. கேட்கும் பெட்டிகள் ஆயிரமாயினும் கோடியாயினும் அந்நிலையத்துக்குக் கவலையில்லை. அதுபோன்றதே இதுவும். கைப்பேசியில் சிம் அட்டை இல்லாவிட்டாலும், இணையத் தொடர்பு அறுந்திருந்தாலும், கோபுரம் கண்ணுக்கெட்டாத தொலைவில் இருந்தாலும், வானம் திறந்திருந்தால் அது தன் இடத்தை அறிந்துகொள்ளும். இதற்குக் கட்டணமும் இல்லை.

எல்லார்க்கும் பொதுவான கொடை

இவ்வமைப்பு தொடக்கத்தில் அமெரிக்கப் படைத்துறையின் பயன்பாட்டுக்காகவே அமைக்கப்பட்டது. இதன் முதற் செயற்கைக்கோள் 1978 ஆம் ஆண்டில் விண்ணில் செலுத்தப்பட்டது. 1983 செப்டம்பர் 1 ஆம் நாள், தென்கொரியாவின் பயணிகள் விமானம் ஒன்று வழி பிறழ்ந்து சோவியத் நாட்டின் வான் எல்லைக்குள் சென்று, சுட்டு வீழ்த்தப்பட்டது. அதில் இருந்த 269 பேரும் மாண்டனர். தான் எங்கே பறக்கின்றது என்பதை அவ்விமானம் சரியாக அறியாமற் போனதே அக்கேட்டுக்குத் தொடக்கமாகும். அதன்பின் அமெரிக்க அரசு, இவ்வமைப்பு நிறைவுற்றதும் பொதுமக்களும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று அறிவித்தது. 1995 ஆம் ஆண்டில் அமைப்பு முழுமையாக இயங்கத் தொடங்கியது. ஆயினும் பொதுமக்களுக்குக் கிடைக்கும் அலையின் துல்லியம் வேண்டுமென்றே குறைக்கப்பட்டிருந்தது. 2000 மே மாதத் தொடக்கத்தில் அக்குறைப்பும் நீக்கப்பட்டது.

பிற நாடுகளும் இத்தகைய அமைப்புகளைத் தோற்றுவித்துள்ளன. ருஷ்யாவின் கிளோனாஸ், ஐரோப்பிய நாடுகளின் கலிலியோ, சீனாவின் பெய்டோ என்பன அவை. நம் நாடும் 'நாவிக்' என்னும் அமைப்பை உருவாக்கியுள்ளது. அதன் முதற் செயற்கைக்கோள் 2013 ஜூலை மாதத்தில் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து செலுத்தப்பட்டது. இக்காலக் கைப்பேசிகள் பலவும் ஒன்றுக்கு மேற்பட்ட அமைப்புகளின் அலைகளைக் கேட்கவல்லவை.

இணையம் செய்யும் சிற்றுதவி

அங்ஙனமாயின், இணையம் உள்ள இடத்தில் நீலப் புள்ளி உடனே தோன்றுவதும், இல்லாத இடத்தில் தயங்கித் தோன்றுவதும் ஏன் என்று நீங்கள் வினவலாம். எந்தச் செயற்கைக்கோள் எப்பொழுது எங்கே இருக்கும் என்னும் குறிப்பு கைப்பேசிக்குத் தேவை. அக்குறிப்பைச் செயற்கைக்கோளும் அனுப்புகின்றது. ஆனால் மிக மெதுவாக அனுப்புகின்றது. ஒரு செயற்கைக்கோள் தன் இருப்பிடக் குறிப்பை முழுதும் சொல்லி முடிக்க ஏறத்தாழ 30 நொடி ஆகும். இணையம் இருந்தால் அதே குறிப்பைக் கைப்பேசி அதன் வாயிலாக நொடிப்பொழுதில் பெற்றுக்கொள்ளும். இல்லையேல் வானத்திலிருந்தே பொறுமையாகக் கேட்டுப் பெறவேண்டும்.

ஆகவே இணையமற்ற இடத்தில் கைப்பேசி உடனே இடம் காட்டவில்லையென்று சலித்துக்கொள்ளலாகாது. மரநிழலையும் கட்டடத்தையும் விட்டு விலகித் திறந்த வெளியில் சில நிமிடங்கள் அசையாது நிற்க வேண்டும். தொடர்பு உள்ள ஊரைவிட்டுப் புறப்படுமுன் நிலப்படச் செயலியை ஒருமுறை திறந்து பார்த்துக்கொண்டால், அடுத்த சில மணி நேரத்துக்கு இத்தாமதமும் குறையும்.

நிலப்படத்தை உடன் கொண்டுசெல்லுதல்

இடம் தெரிந்துவிட்டது. ஆனால் நிலப்படம் இல்லையேல், வெற்றுத் தாளின் நடுவே ஒரு புள்ளி வைத்தது போலவே அது பயனற்றதாகும். இணையம் அற்ற இடத்தில் பெரும்பாலோர் காண்பது இதனையே: நீலப் புள்ளி இருக்கும், சுற்றிலும் சாம்பல் நிறக் கட்டங்கள் மட்டுமே இருக்கும். நிலப்படம் தொலைவில் உள்ள கணிப்பொறிகளில் இருக்கின்றது. வேண்டிய பகுதி மட்டும் அவ்வப்பொழுது இணையத்தின் வழியே நம் கைக்கு வருகின்றது. இணையம் அற்றால் அவ்வரவும் நின்றுவிடுகின்றது.

இதற்கு மாற்று எளியது. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு செல்வோன் வழியில் கடை இல்லையென்று வருந்துவதில்லை. அதுபோல, புறப்படுமுன்னரே வேண்டிய பகுதியின் நிலப்படத்தைக் கைப்பேசியில் பதிவிறக்கம் செய்துகொள்ள வேண்டும். கூகுள் மேப்ஸ் என்னும் செயலியில் 'ஆஃப்லைன் வரைபடங்கள்' என்னும் பகுதியைத் திறந்து, வேண்டிய நிலப்பரப்பைக் கட்டத்துக்குள் அமைத்துப் பதிவிறக்கலாம். ஆர்கானிக் மேப்ஸ், ஓஸ்மாண்ட் முதலிய செயலிகள் இணையமின்றி இயங்குவதையே தலையாய நோக்கமாகக் கொண்டவை. அவற்றில் நாடுவாரியாகவும் பகுதிவாரியாகவும் நிலப்படங்களைத் தெரிந்தெடுத்துச் சேமித்துக்கொள்ளலாம். வீட்டிலோ நூலகத்திலோ வைஃபை கிடைக்கும்பொழுது ஒருமுறை செய்துகொண்டால் போதும்.

ஒரு மாநிலம் முழுமைக்கும் உரிய நிலப்படம் இச்சிறு கருவிக்குள் அடங்குவது எவ்வாறு? அதனைப் படமாகச் சேமிப்பதில்லை, குறிப்பாகச் சேமிக்கின்றனர். 'இவ்விடத்திலிருந்து அவ்விடம் வரை ஒரு சாலை. அதன் பெயர் இது. வகை இது' என்று எண்களாலும் சொற்களாலும் எழுதி வைக்கின்றனர். நாம் திறக்கும்பொழுது கைப்பேசியே அக்குறிப்பைக் கொண்டு படத்தை வரைந்து காட்டுகின்றது. வீட்டின் ஒளிப்படத்தை அனுப்புவதைவிட, 'கிழக்கு வாசல், இரண்டு அறை, பின்கட்டில் கிணறு' என்று எழுதி அனுப்புவதற்குத் தாள் குறைவாகவே வேண்டும் அன்றோ?

ஒரு நிலப்படத்தின் பின்னே எத்துணை உழைப்பு இருக்கின்றது என்பதை நாம் மறத்தலாகாது. 1802 ஏப்ரல் 10 ஆம் நாள், சென்னைக்கு அருகிலுள்ள பரங்கிமலைப் பகுதியில் வில்லியம் லாம்டன் என்பார் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுள்ள அடிக்கோடு ஒன்றைச் சங்கிலி கொண்டு அளக்கத் தொடங்கினார். இந்தியாவை முக்கோணங்களாகப் பகுத்து அளந்த பேரளவைக்கு அதுவே தொடக்கமாயிற்று. அன்று தலைமுறைக் கணக்கில் நிகழ்ந்த அப்பணியின் வழித்தோன்றலே இன்று நம் உள்ளங்கையில் விரிகின்றது.

இக்காலத்தில் பொதுமக்களே கூடி நிலப்படம் வரைவதும் உண்டு. 2004 ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்' என்னும் முயற்சியில், உலகெங்கும் உள்ள தொண்டர்கள் தத்தம் ஊரின் தெருக்களையும் நீர்நிலைகளையும் தாமே குறித்து வருகின்றனர். அதனை எவரும் விலையின்றிப் பயன்படுத்தலாம். 2010 ஜனவரி 12 ஆம் நாள், ஹைட்டி நாட்டில் கடும் நிலநடுக்கம் நேர்ந்தது. அதன் தலைநகரான போர்ட்டோ பிரின்சு பாழாயிற்று. விரிவான நிலப்படம் இல்லாமையால், மீட்புப் பணிக்கு வந்தோர் இடர்ப்பட்டனர். அப்பொழுது பல நாடுகளில் இருந்த நூற்றுக்கணக்கான தொண்டர்கள், செயற்கைக்கோள் ஒளிப்படங்களைப் பார்த்து, சில நாள்களிலேயே அந்நகரின் தெருக்களை வரைந்து முடித்தனர். மீட்புக் குழுவினர் அப்படங்களைத் தம் கைக்கருவிகளில் ஏற்றிக்கொண்டு, தொலைத்தொடர்பு குலைந்த அந்நகரில் வழி கண்டனர். நேரில் சென்று உதவ இயலாதவரும் நிலப்படம் வரைந்து உயிர் காக்கத் துணைபுரிந்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

வழியைக் கணக்கிடுதல்

இனி மூன்றாவது வினா. இடம் தெரியும், நிலப்படமும் உண்டு. பல்லாயிரம் சாலைகளுள் எவற்றின் வழியே செல்வது என்பதைக் கைப்பேசி எவ்வாறு முடிவு செய்கின்றது?

1956 ஆம் ஆண்டில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர் ஆம்ஸ்டர்டாம் நகரில் கடைவீதி சென்று களைத்து, ஒரு சிற்றுண்டிச் சாலையில் காப்பி அருந்திக்கொண்டிருந்தார். ஓரூரிலிருந்து மற்றோரூருக்கு மிகக் குறுகிய வழி எது என்று காணும் முறையை, தாளும் எழுதுகோலும் இன்றி ஏறத்தாழ 20 நிமிடங்களில் தம் மனத்திலேயே அமைத்துவிட்டார். 1959 ஆம் ஆண்டில் அம்முறை வெளியிடப்பெற்றது.

அதன் கருத்தை ஓர் உவமையால் விளக்கலாம். வாய்க்கால்கள் பல குறுக்கும் நெடுக்கும் ஓடும் வயற்பரப்பில் ஓரிடத்தில் மடையைத் திறந்துவிடுகின்றோம் என்று கொள்வோம். நீர் எல்லா வாய்க்கால்களிலும் ஒரே வேகத்தில் பரவுகின்றது. ஒரு குறிப்பிட்ட வயலை முதன்முதலில் எந்த வாய்க்காலின் வழியே வந்த நீர் எட்டுகின்றதோ, அதுவே அவ்வயலுக்குக் குறுகிய வழி. கைப்பேசியும் நாம் நிற்கும் இடத்திலிருந்து சாலைகளின் வழியே தன் கணக்கை இவ்வாறு பரவவிட்டு, சேருமிடத்தை முதலில் எட்டும் வழியைத் தெரிந்தெடுக்கின்றது. இம்முறையும் இதிலிருந்து வளர்ந்த முறைகளுமே இன்று வழிகாட்டும் செயலிகளுக்கு அடிப்படையாக உள்ளன. நிலப்படக் குறிப்பு கைப்பேசிக்குள்ளேயே இருந்தால், இக்கணக்கையும் அது தானே செய்துகொள்ளும்.

ஆயினும் இணையம் இல்லாதபொழுது சில செய்திகள் கிடையா. எந்தச் சாலையில் இப்பொழுது வண்டிகள் நெருங்கி நிற்கின்றன, எந்தப் பாலம் நேற்றைய வெள்ளத்தில் உடைந்தது என்பன போன்ற அன்றாடச் செய்திகளைச் சேமித்த நிலப்படம் அறியாது. அது பதிவிறக்கிய நாளின் உலகத்தையே காட்டும். ஆதலால் அதனை அவ்வப்பொழுது புதுப்பித்தல் வேண்டும்.

இடுக்கண் காலத்தில்

இத்தகைய ஏற்பாடு மலைப்பயணத்துக்கு மட்டுமே உரியது என்று எண்ணலாகாது. 2015 டிசம்பரில் சென்னையில் பெருவெள்ளம் சூழ்ந்தபொழுது, பல பகுதிகளில் தொலைபேசித் தொடர்பு அறுந்தது. 2018 நவம்பர் 16 ஆம் நாள் கரை கடந்த கஜா புயலில், நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் எண்ணற்ற மின்கம்பங்கள் சாய்ந்தன. கைப்பேசித் தொடர்பும் குலைந்தது. உணவும் குடிநீரும் ஏற்றிக்கொண்டு வேற்று மாவட்டத்திலிருந்து வரும் ஒரு வண்டியோட்டியை மனத்தில் எண்ணிப் பாருங்கள். பெயர்ப்பலகைகள் வீழ்ந்து கிடக்கின்றன, இரவு நேரம், வழி கேட்கத் தெருவில் ஆளில்லை. அவருடைய கைப்பேசியில் அப்பகுதியின் நிலப்படம் முன்னரே சேமிக்கப்பட்டிருந்தால், உட்கிடையான சிற்றூரையும் அவர் சென்று சேரலாம்.

நம் இடத்தைப் பிறருக்குச் சொல்லவும் இக்கருவி துணைபுரியும். நிலப்படத்தில் நாம் நிற்கும் புள்ளியைச் சற்றே அழுத்தினால் அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் தோன்றும். அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். பதின்மப் புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வரை சொன்னால், ஏறத்தாழ 11 மீட்டருக்குள் நம் இடத்தைக் குறித்துவிடலாம். இணையம் வேலை செய்யாத இடத்திலும் சில வேளைகளில் குறுஞ்செய்தி சென்று சேரும். ஆகவே இவ்விரண்டு எண்களையும் குறுஞ்செய்தியாக அனுப்பவோ, 112 என்னும் அவசர உதவி எண்ணை அழைத்துச் சொல்லவோ தெரிந்து வைத்திருத்தல் நலம். 'பெரிய ஆலமரத்துக்கு அருகே' என்று சொல்வதைவிட அவ்வெண்கள் மீட்போரை விரைவில் கொண்டுவந்து சேர்க்கும்.

கருவியின் எல்லை

எந்தக் கருவிக்கும் எல்லை உண்டு. ஆழ்ந்த பள்ளத்தாக்கிலும், அடர்ந்த மரச்செறிவிலும், உயர்ந்த மாடங்களுக்கு இடையிலும் செயற்கைக்கோள் அலைகள் தடைப்படும். அல்லது பாறையிலும் சுவரிலும் பட்டுத் தெறித்து வரும். அப்பொழுது நீலப் புள்ளி சாலையை விட்டு விலகி நிற்கும். திரை ஒளிர்ந்துகொண்டே இருந்தால் மின்கலம் விரைவில் தீர்ந்துபோகும். கோபுரத்தைத் தேடித் தேடியும் கைப்பேசி தன் ஆற்றலை இழக்கும். அதனால் தொடர்பற்ற இடங்களில் 'விமானப் பயன்முறை'யை இட்டு வைத்தல் சிக்கனமாகும். இன்றைய கைப்பேசிகள் பெரும்பாலானவற்றில், அந்நிலையிலும் செயற்கைக்கோள் அலைகளைக் கேட்கும் ஆற்றல் குன்றுவதில்லை.

இவையெல்லாவற்றினும் பெரிய இடர், கருவியைக் கண்மூடி நம்புதலாகும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் மரணப் பள்ளத்தாக்கு என்னும் பாலை நிலம் உள்ளது. 1913 ஜூலை 10 ஆம் நாள் அங்கே 56.7 பாகை செல்சியசு வெப்பம் பதிவாயிற்று. பண்டைச் சுரங்கத் தொழிலாளர் கைவிட்டுப்போன பாதைகள் சில, வழிகாட்டிக் கருவிகளில் நல்ல சாலைகளைப் போலவே குறிக்கப்பட்டிருந்தன. அவற்றை நம்பிச் சென்று, மணலில் வண்டி புதைந்து, நீரின்றி உயிர் துறந்தோரும் உண்டு. நிலப்படத்தில் கோடு இருந்தது. நிலத்தில் பாதை இல்லை. கருவியை மட்டும் நம்பி வரவேண்டா என்று அப்பூங்காவின் காவலர்கள் பயணிகளுக்கு எச்சரிக்கை விடுத்து வருகின்றனர்.

ஆகவே தொலைவழி செல்வோர் சில ஒழுங்குகளைக் கைக்கொள்ளல் வேண்டும். புறப்படுமுன் எங்கே செல்கின்றோம், எப்பொழுது மீள்வோம் என்பதை வீட்டாரிடம் சொல்லிச் செல்க. நிலப்படத்தைப் பதிவிறக்கி, இணையத்தை நிறுத்திவிட்டு, அது திறக்கின்றதா என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்க. மின்கலத்தை நிறைத்துக்கொள்க. முக்கிய ஊர்களின் பெயர்களையும் தொலைபேசி எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்க. காட்டுக்குள் செல்வதாயின் வனத்துறையின் இசைவு பெற்றே செல்க. நிலப்படம் ஒன்று சொல்லக் கண்ணெதிரே வேறொன்று தோன்றினால், கண்ணையே நம்புக.

மாணவர்களே! நீங்களே இதனைச் சோதித்துப் பார்க்கலாம். பெற்றோரின் கைப்பேசியை அவர்தம் இசைவோடு வாங்கி, உங்கள் ஊரின் நிலப்படத்தைச் சேமித்து, இணையத்தை நிறுத்திவிட்டுத் திறந்த வெளியில் நின்று பாருங்கள். நீலப் புள்ளி மெல்லத் தோன்றி, நீங்கள் நடக்க நடக்க உடன் நகர்ந்து வரும். இருபதாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் மெல்லிய அலைகளைக் கேட்டு அது உங்களைத் தேடிக் கண்டது என்பதை அப்பொழுது நினைத்துப் பாருங்கள். உங்கள் ஊரின் குளமோ, பள்ளியோ, துணைச்சுகாதார நிலையமோ அந்நிலப்படத்தில் விடுபட்டிருந்தால், ஆசிரியரின் துணையோடு அதனைக் குறித்து வையுங்கள். என்றேனும் ஒருநாள் நோயாளி ஒருவரை ஏற்றிவரும் ஊர்திக்கு அக்குறிப்பு வழியாகலாம்.

மலைபடுகடாம் பாடிய புலவர் வழியை மட்டும் சொல்லவில்லை. வழியின் இயல்பையும் சொன்னார் என்று தொடக்கத்தில் கண்டோம். கைப்பேசி வழியைச் சொல்லும். 'மழை பெய்தால் இவ்வோடையைக் கடக்க இயலாது. மாலையில் யானை நீர் அருந்த வரும்' என்று சொல்ல அவ்வூரில் வாழும் மனிதரே வேண்டும். கருவியை ஆயத்தமாக வைத்துக்கொண்டு, மனிதரைக் கேட்டறிந்து செல்வோன் வழி தவறான். வழி கேட்டு வருவோருக்கு நின்று வழி சொல்லும் பண்பை நாமும் மறவாதிருப்போமாக.